சினிமாத் தொழிலைப் பகடி செய்யும் நகைச்சுவைப் படத்தை நீலகிரியில் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்ச் சினிமாவில் கதை பேசுவதற்காக மலையேறுவது நெடுநாளைய வழக்கம். தயாரிப்பாளர் முன்பணம் கொடுத்ததும் இயக்குநரும் உதவி இயக்குநர்களும் ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து, டிஸ்கஷன் என்று வாரக்கணக்கில் தங்குவார்கள். பிறகு அதே மலைக்குப் படப்பிடிப்புக் குழுவும் வந்து சேரும். ஆகவே இந்தத் தொழில் கனவு காண்பதையும் கணக்குப் பார்ப்பதையும் அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு நீலகிரிக்காரர்களுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. சினிமாத் தொழிலைப் பகடி செய்யும் முழுநீள நகைச்சுவைப் படம் ஒன்றை இங்கேயே எழுதி இங்கேயே எடுத்து முடிக்க விரும்பும் சிறிய குழுவுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படப்பிடிப்புக் குழுக்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதும் உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்வதும் என் தொழில் என்பதால், திரைக்கதையைப் பற்றிப் பேசும் இடங்களிலும் களத்தில் நடப்பதை வைத்தே பேசுவேன்.

இத்தகைய படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. நடிகர்களின் நடையையும் குரலையும் கேலி செய்வதால் கிடைக்கும் சிரிப்பு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பணம் யார் கையிலிருந்து புறப்பட்டு யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது, நின்றதும் யார் யாரிடம் பணிகிறார்கள் என்பதைத் துல்லியமாகக் காட்டினால், அந்தச் சிரிப்பு இரண்டு மணி நேரத்துக்கும் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கருத்தின் மீதே நிற்கின்றன.

முதல் படி: குறியைத் தேர்ந்தெடுத்தல்

சினிமாவைக் கேலி செய்யும் படங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, படங்களைக் கேலி செய்வது. 2010-இல் சி. எஸ். அமுதன் இயக்கி சிவா நடித்து வெளிவந்த ‘தமிழ்ப்படம்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நாயகன் அறிமுகமாகும் விதம், சண்டைக்காட்சி, பாட்டுக்குள் நடக்கும் முன்னேற்றம் என்று திரையில் நாம் பலமுறை பார்த்தவற்றையே அது திருப்பிக் காட்டியது. அந்த வகைக்குப் பார்வையாளர் மற்ற படங்களைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த படங்கள் மறந்துபோனால் சிரிப்பும் மறந்துபோகும்.

இரண்டாவது வகை, தொழிலைக் கேலி செய்வது. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் ஏற்ற செல்லப்பா என்ற பாத்திரம், ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று கம்பெனி வைத்துக்கொண்டு, பணம் போடுவதற்குப் பணக்காரத் தந்தையையே நம்பியிருக்கிறது. அந்தத் தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவிடம் அவர் கதை சொல்லும் காட்சியை இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளும் ரசிக்கக் காரணம், அதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட படத்தின் நையாண்டி அல்ல என்பதே. பணம் வைத்திருப்பவர் உட்கார்ந்திருக்கிறார்; கதை வைத்திருப்பவர் ஓடி ஆடி, சத்தம் எழுப்பி, அவரைப் பயப்பட வைத்தாவது சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார். அந்த ஏற்பாடு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை. அதே 1964-இல் கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில், பாலசந்தரின் கதையில், நாகேஷே நடித்த ‘சர்வர் சுந்தரம்’ ஸ்டூடியோவின் உட்புறத்தை மக்களுக்குத் திறந்து காட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எதைக் கேலி செய்ய வேண்டும், எதைக் கனிவோடு காட்ட வேண்டும் என்ற பாடம் அந்த இரண்டுக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் இரண்டாவது வகையையே தேர்ந்தெடுங்கள். பிறகு கதையின் கருவை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். இந்த வழிகாட்டி முழுவதற்கும் உதவும்படி ஒரு கருவை நானே தருகிறேன். முடிந்த படத்தை வெளியிட முடியாமல் வட்டியில் மூழ்கியிருக்கும் தயாரிப்பாளர் ஒருவர், அடுத்த படத்துக்கென்று வாங்கிய முன்பணத்தைக் கொண்டு பழைய வட்டியை அடைக்கிறார். அந்த அடுத்த படம் உண்மையிலேயே உருவாகிறது என்று பைனான்சியரை நம்ப வைப்பதற்காக, கோத்தகிரி பங்களா ஒன்றில் கதை விவாதத்தை நிறுத்தாமல் நடத்த வேண்டியிருக்கிறது. பங்களாவில் இருக்கும் அனைவருக்கும் அந்தப் படம் வராது என்று தெரியும். தெரிந்தும் கதை பேசுகிறார்கள்; பேசப் பேசக் கதை நன்றாகவும் ஆகிவிடுகிறது. இந்தக் கடைசித் திருப்பத்தை விட்டுவிடாதீர்கள். தொழிலின் மீது கோபம் மட்டும் இருந்தால் படம் கசந்துவிடும். அந்தத் தொழிலை விட்டுப் போக முடியாதவர்களின் ஆசையும் அதில் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: பணத்தின் வழியை எழுதுதல்

திரைக்கதையைத் தொடங்குவதற்கு முன், உங்கள் கதைக்குள் வரும் படத்தின் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான பகடிப் படங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தயாரிப்பாளர் என்றால் வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியும் என்று வரைந்துவிட்டு, அவருடைய கடன் எத்தனை வட்டிக்கு, எந்த உரிமையை அடமானம் வைத்து வாங்கியது என்பதை எழுதியவரே யோசித்திருக்க மாட்டார். வேட்டி சிரிப்பைத் தராது, கடன் தரும்.

நடைமுறை இப்படி இருக்கிறது. தயாரிப்பாளர் பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்குகிறார். படத்தின் உரிமைகளே அதற்கு ஈடு. நாயகனின் முந்தைய படம் எவ்வளவுக்குப் போனது என்பதைப் பொறுத்து டிஜிட்டல் உரிமை, சாட்டிலைட் உரிமை, இந்தி டப்பிங் உரிமை ஆகியவற்றுக்கு விலை பேசப்படுகிறது. திரையரங்க உரிமை ஏரியா வாரியாகப் பிரிகிறது: சென்னை நகரம், செங்கல்பட்டும் ஆற்காடுகளும், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று. நீலகிரி மாவட்டம் கோவை ஏரியாவுக்குள் வருகிறது. விநியோகஸ்தர் ஒவ்வொருவரும் மினிமம் கேரண்டி (எம்.ஜி.) என்ற திரும்பப் பெறாத தொகையைக் கொடுத்து வாங்கலாம், திரும்பத் தர வேண்டிய அட்வான்ஸ் கொடுக்கலாம், வெறும் கமிஷனுக்கும் வெளியிடலாம். படம் ஓடாதபோது எம்.ஜி. கொடுத்தவர் நஷ்ட ஈடு கேட்டு நாயகனின் வீட்டு வாசலுக்கே போய்விடுவதும், அட்வான்ஸ் கொடுத்தவர் அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் காத்திருப்பதும் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன. உங்கள் கதையில் வரும் கோவை விநியோகஸ்தர் எந்த முறையில் பணம் கொடுத்தவர் என்று முடிவு செய்துவிட்டால், அவர் பேச வேண்டிய வசனங்களில் பாதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வெளியீட்டு நாளில் இருக்கிறது. பிலிம் இருந்த காலத்தில், கடன் தீர்ந்ததாகப் பைனான்சியர் கடிதம் கொடுத்தால்தான் லேபிலிருந்து பிரதி வெளியே வரும். இப்போது படம் பூட்டிய டிஜிட்டல் கோப்பாகத் திரையரங்குக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. அதைத் திறப்பதற்கான கே.டி.எம். என்ற மின்னணுச் சாவி, குறிப்பிட்ட திரையின் சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்படி தனியே அனுப்பப்படுகிறது. பாக்கி தீராவிட்டால் சாவி வராது. ரசிகர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, படம் சர்வரில் இருக்க, காட்சி மட்டும் தொடங்காது.

நமது கருவுக்கு உச்சக்காட்சி இதுவே. பழைய படம் வெளியாகும் நாள், காலை 9 மணிக் காட்சி, ஊட்டியில் ஒரு திரையரங்கு நிறைந்திருக்கிறது. பைனான்சியர் அன்று பார்த்துக் கோத்தகிரி பங்களாவில் கதை கேட்க வந்து தங்கியிருக்கிறார். அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் சம்மதம் சொன்னால் சாவி போய்விடும். ஆனால் பங்களாவைச் சுற்றி சிக்னல் கிடைப்பது தேயிலைச் சரிவின் நடுவே இருக்கும் ஒரே ஒரு பாறையின் மேல். பைனான்சியர், தயாரிப்பாளர், நாயகன், நாயகனின் மேனேஜர், கோவை விநியோகஸ்தர் ஆகிய எல்லோரும் தூறலில் குடை பிடித்துக்கொண்டு அந்தப் பாறையில் இடம் பிடிக்க வேண்டும். யார் மேலே நிற்பது, யாருக்குக் குடை பிடிப்பது யார், யாருடைய பேட்டரி முதலில் தீர்கிறது என்பதில் தொழிலின் முழு வரிசையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெளிப்படையான கேலி வசனம் ஒன்றுகூடத் தேவைப்படாது.

மூன்றாம் படி: பாத்திரங்களை ஏணியில் நிறுத்துதல்

பாத்திரங்களின் பட்டியலை எழுதும்போது வயது, நிறம், குணம் என்று எழுதாமல், யாருக்கு யார் சம்பளம் கொடுக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எப்போது சாப்பாடு வருகிறது என்று எழுதுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் சாப்பாட்டு வண்டியைக் கவனித்தவர்களுக்கு இது உடனே புரியும். நாயகனுக்குத் தனியே வரும் டிபன் கேரியர், இயக்குநர் மேசை, தொழில்நுட்பக் கலைஞர்களின் பந்தி, லைட்மேன்களின் வரிசை, கடைசியில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் என்று ஐந்து தட்டுகள் ஐந்து விதமாக இருக்கும். சிக்கன் எந்தப் பந்தியோடு நின்றது என்பதைக் கேமரா ஒரே ஓட்டத்தில் காட்டினால் அது ஒரு முழுக்காட்சி.

பழைய படத்துக்கு இன்னும் சம்பளம் வராத உதவி இயக்குநர், புரொடக்ஷன் மேனேஜர், மூத்த இணை இயக்குநர், பங்களாவின் சமையல்காரர் ஆகிய நால்வரும் நன்கு அமைந்தால் படம் தன் காலில் நின்றுவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்: மலையில் எங்களுக்குப் பாக்கி வைத்துவிட்டு இறங்கிப்போன குழுக்களில், அழைத்தால் தொலைபேசியை எடுத்துப் பேசியவர்கள் எப்போதும் இப்படிப்பட்ட நடுப்படிக்காரர்கள்தான், அவர்கள் கையில் பணமும் இருக்காது, அதிகாரமும் இருக்காது, பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் இருக்கும். நகைச்சுவைக்கும் மனிதத்தன்மைக்கும் அவர்களைவிட நல்ல இடம் இந்தத் தொழிலில் இல்லை.

ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கச் சொல்வேன். ஊட்டியின் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1960-இல் நிறுவப்பட்ட அந்த ஆலை, இந்து என்ற பெயரில் பிலிம் தயாரித்து, பிறகு நலிந்து, டிஜிட்டல் காலத்தில் அடியோடு ஓய்ந்தது. அங்கே இருட்டறையில் பிலிம் சுருளுக்குப் பூச்சுப் பூசி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் பங்களாவின் காவலராக இருக்கட்டும். சினிமாவின் உடல் வெள்ளி உப்பும் ஜெலட்டினும் என்று அறிந்தவர் அவர். கதை விவாதத்தில் எல்லோரும் சினிமாவைப் பற்றிப் பேசும்போது, அதைக் கையால் தொட்டுச் செய்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நீலகிரியில் எடுக்கும் படத்துக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய பாத்திரம் இது.

நான்காம் படி: ஒரு காட்சியை முழுதாக எழுதிப் பார்த்தல்

பைனான்சியரை நம்ப வைக்க ஒரு நாள் போலிப் படப்பிடிப்பு நடத்த வேண்டியிருக்கிறது. அதற்கு நாயகன் கேரவனோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பேருந்தும் லாரியும் ஏறுகின்றன என்பதால் கேரவனும் பிரதானச் சாலையில் ஏறிவிடும். எஸ்டேட்டுக்குள் பிரியும் குறுகிய சாலையின் முதல் வளைவில்தான் அது திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கும். இந்தக் காட்சியை இப்படி எழுதலாம்:

மேனேஜர்: டிரைவர் அண்ணே, இன்னும் ஒரு அடி பின்னால எடுங்க.
டிரைவர்: பின்னால பள்ளமுங்க.
மேனேஜர்: அப்ப முன்னால எடுங்க.
டிரைவர்: முன்னால பாறைங்க.
உதவி இயக்குநர்: சார், லொகேஷன் இங்கிருந்து பத்து நிமிஷ நடைதான். ஹீரோ சாரை இறங்கி நடந்து வரச் சொல்லிடலாமா?
மேனேஜர்: சொல்லலாமே. நீ போய்ச் சொல்றியா தம்பி?
(உதவி இயக்குநர் இணை இயக்குநரைப் பார்க்கிறார். இணை இயக்குநர் மேகத்தைப் பார்க்கிறார்.)
பின்னால் நிற்கும் மினி பஸ்ஸின் நடத்துநர்: ஏனுங்க, உள்ளார யாரு?
மேனேஜர்: ஹீரோ சார்.
நடத்துநர்: நம்ம வண்டில ஏறிக்கச் சொல்லுங்க. டிக்கெட்டு நானே போட்டுக்கறேன்.

இந்தக் காட்சியில் நாயகன் தென்படவே இல்லை, அவரைப் பற்றி யாரும் குறை சொல்லவும் இல்லை. அவரிடம் ஒரு சாதாரணச் செய்தியைச் சொல்ல ஆளில்லை என்பதே நகைச்சுவையின் அச்சு. இதன் தொடர்ச்சியாக, கேரவன் நிற்கும் வளைவையே லொகேஷன் ஆக்கி, கதையில் வரும் ஏரிக்கரைக் காதல் காட்சியைச் சாலையோரக் காதல் காட்சியாக மாற்றி எழுதுகிறார்கள் என்று கொண்டுபோகலாம். காட்சியை எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள்: சினிமாவையே அறியாத ஒருவர், ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர், இதைப் படித்துச் சிரிப்பாரா? அவருடைய அலுவலகத்திலும் மேலாளரிடம் சொல்லப்படாத செய்திகள் இருக்கும், ஆகவே சிரிப்பார். சினிமாக்காரர்களுக்கு மட்டும் புரியும் உள்வட்டக் கேலியாக இருந்தால் அதைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மலை மக்களை எப்படிக் காட்டுவது

இந்த இடத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகளும் படுகரும், சமவெளியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் வாழ்கிறார்கள். சினிமாவோ நெடுங்காலமாக இறகும் பாசிமணியும் கட்டிய, எந்த மலையிலும் இல்லாத ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து ஆடவிட்டிருக்கிறது. அந்தக் கற்பனையையே உங்கள் படம் குறிவைக்க வேண்டும். மக்களை ஒருபோதும் குறிவைக்கக் கூடாது.

செய்யும் விதம் எளிது. போலிப் படப்பிடிப்பின் குழுப்பாட்டுக்கு உள்ளூர் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கும் படுகர் இளைஞர் ஒருவர், விடுமுறை நாளில் ஆர்வத்தோடு வருகிறார். காஸ்ட்யூமர் அவர் கையில் இறகுக் கிரீடத்தைக் கொடுக்கிறார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்க்காரங்க போடறதுங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்கிறார். காஸ்ட்யூமருக்குத் தெரியவில்லை, கலை இயக்குநரைக் கேட்கிறார், அவர் இயக்குநரைக் கேட்கிறார், கேள்வி ஏணியில் ஏறி, பதிலில்லாமல் இறங்கி வருகிறது. கடைசியில் அந்த இளைஞர் தம் ஊர் விசேஷத்துக்கு அணியும் வெள்ளை உடையில் வந்து நிற்க, “கலர் பத்தலை” என்று அவரைப் பின்வரிசைக்கு அனுப்புகிறார்கள். இதில் சிரிப்பு யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில் குழப்பமே இல்லை.

இந்தப் பாத்திரங்களுக்கு மலையில் பிறந்தவர்களையே நடிக்க வையுங்கள். படுகர் தமக்குள் பேசும் இடங்களில் படுக மொழியிலேயே பேசட்டும், கீழே தமிழ் எழுத்து ஓடட்டும். தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்குக் கேமராவோடு போவதானால் ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தை முன்பே பெறுங்கள். அவர்களுடைய கோயில்கள் பின்னணிக் காட்சிக்கான செட் அல்ல. டிசம்பர், ஜனவரியில் வரும் ஹெத்தை அம்மன் திருவிழா நாட்களில் படுகர் ஊர்களிலிருந்து நடிகர்களோ பணியாளர்களோ கிடைக்க மாட்டார்கள் என்பதையும் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இடமும் அனுமதியும்

நமது கருவுக்கு முக்கால் பங்கு படம் ஒரே பங்களாவுக்குள் முடிந்துவிடுகிறது. தனியார் பங்களா, தனியார் தேயிலைத் தோட்டம், ஒரு தேநீர்க் கடை, ஒரு திரையரங்கு ஆகியவை கிடைத்துவிட்டால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அந்த ஒப்புதலில் நாள், நேரம், வாகனங்களின் எண்ணிக்கை, சேதத்துக்கான பொறுப்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

சினிமாவின் பழைய அடையாளங்களில் இரண்டு இடங்களையாவது சேர்க்க ஆசைப்படுவீர்கள். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் புல்வெளிச் சரிவுக்குப் பாட்டுக் குழுக்கள் வந்து வந்தே ‘ஷூட்டிங் மட்டம்’ என்று பெயராகிவிட்டது. 1982-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக்காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. புல்வெளிக்கு வனத்துறையையும், மலை ரயில் பாதைக்குத் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தையும் முன்கூட்டியே அணுகிக் கட்டணம் செலுத்த வேண்டும். பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருகின்றன. கோடை சீசனில் அங்கே படப்பிடிப்பை அனுமதிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எந்த இடமானாலும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதுமலை புலிகள் காப்பகத்தையும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவையும் திரைக்கதையிலிருந்தே நீக்கிவிடுங்கள். வெலிங்டனில் ராணுவப் பகுதியும் அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதால், குன்னூர்ப் பக்கம் டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் முதலில் அனுமதி வரைபடத்தைப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை என்பதால், தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளோடு வரும் புரொடக்ஷன் வண்டி சோதனைச் சாவடியிலேயே நிற்கும். கேன் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஏழாம் படி: காலம்

நீலகிரியின் மேற்குச் சரிவான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மலை இது. மழைக்காலத்தில் சாலையை நம்பி அட்டவணை போடுவது சரியல்ல. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டத்தால் அறை வாடகை ஏறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏறி கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தும் வந்துவிடும். மிஞ்சுவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் விடியலில் உறைபனி படியும், பேட்டரி வேகமாகத் தீரும். பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம் என்பதால் கேம்ப் ஃபயர், பட்டாசு போன்றவை கதையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பனிமூட்டம் எந்த மாதத்திலும் பிற்பகலில் வரலாம். காட்சியின் பாதியில் மேகம் இறங்கினால் தொடர்ச்சி கெட்டுவிடும் என்பதால் வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலும் பங்களாக் காட்சிகளைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாறைக் காட்சி ஒன்றுக்கு மட்டும் மேகம் வேண்டும். அதற்கு இரண்டு பிற்பகல்களை ஒதுக்கி வையுங்கள்.

எட்டாம் படி: நகைச்சுவையைப் படமாக்குதல்

நடிகர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அவர்கள் யாரும் நகைச்சுவைப் படத்தில் இல்லை என்பதே. தயாரிப்பாளருக்கு வட்டி உண்மையான பயம். இணை இயக்குநருக்குத் தன் முதல் படம் எப்போது என்பது உண்மையான ஏக்கம். அவர்கள் முழு ஈடுபாட்டோடு நடித்தால் சிரிப்பது பார்வையாளரின் வேலையாகிவிடும்.

கேமராவைத் தள்ளி வைத்து, ஒரே சட்டகத்தில் மூன்று நான்கு பேர் இருக்கும்படி எடுங்கள். ஏணியைப் பற்றிய படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது வசனத்துக்குச் சமம். ஒருவர் பேசியதும் இன்னொருவரின் முகத்துக்குத் தாவி வெட்டும் பழக்கம், பார்வையாளருக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டும். சுட்டிக்காட்டிய இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. கேரவன் காட்சியில் இணை இயக்குநர் மேகத்தைப் பார்ப்பதை நெருக்கக் காட்சியாக எடுத்தீர்களானால் அது செத்துப்போகும். பின்வரிசையில், பாதி மறைந்த முகத்தோடு அவர் அண்ணாந்து பார்த்தால் அதைக் கண்டுபிடித்தவர் மற்றவரைத் தட்டிக் காட்டுவார்.

ஒலியைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்யுங்கள். டப்பிங்கில் வசனங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வரிசையாக வந்துவிடும். கதை விவாதக் காட்சிகளுக்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். பங்களாவின் ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதால் கூரை ஒலியைத் தனியே பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பின்னும் விசித்திரமான ஒலிகளைச் சேர்க்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

ஒன்பதாம் படி: தொகுப்பு, சட்டம், சான்றிதழ்

முதல் தொகுப்பை இரண்டு வேறு கூட்டங்களுக்குத் திரையிடுங்கள்: சினிமாவில் வேலை செய்பவர்களுக்கு ஒருமுறை, அதற்குச் சம்பந்தமே இல்லாத மலைவாசிகளுக்கு ஒருமுறை. முதல் கூட்டம் மட்டும் சிரிக்கும் இடங்களில் கத்தரியை வையுங்கள். இரண்டாம் கூட்டம் மட்டும் சிரிக்கும் இடங்களைத் தொடாதீர்கள்.

பெயர் மாற்றினால் மட்டும் ஒருவர் வேறு ஆளாகிவிட மாட்டார். வாழும் நட்சத்திரம் ஒருவரை உடை, நடை, வாழ்க்கைச் சம்பவம் மூலம் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்கு வர வாய்ப்பு உண்டு. திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் வழிகாட்டு விதிகளிலும் தனிநபர் அவதூறு தடை செய்யப்பட்டிருக்கிறது. பணத்தின் வழியைக் குறிவைத்து எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக எழாது, ஏனென்றால் அவர்களுடைய நாயகனிடம் கேலிக்குரியது அவருடைய ஒப்பந்தமே. பிறருடைய பாட்டையோ காட்சியையோ எடுத்தாள நினைத்தால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். பகடி என்று சொல்லிவிட்டால் பதிப்புரிமை விலகிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

சான்றிதழுக்கு இ-சினிபிரமாண் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தத்துக்குப் பின் யு/ஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கதை விவாதக் காட்சிகளில் புகையும் மதுவும் இல்லாமல் எழுத முடிந்தால் எச்சரிக்கை வாசகங்களுக்கு வேலை இருக்காது. கதையில் குதிரையோ நாயோ நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்; முடிந்த பிறகு வாங்க முடியாது.

பத்தாம் படி: வெளியீடு

சிறிய படத்துக்குத் தமிழகம் முழுவதும் திரை பிடிப்பதில் பணத்தைக் கரைக்காதீர்கள். கோவை ஏரியா விநியோகஸ்தர் ஒருவரிடம் கமிஷன் அடிப்படையில் பேசி, ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவை ஆகிய ஊர்களில் சில திரைகளில் தொடங்கி, கூட்டத்தைப் பார்த்து அடுத்த ஏரியாவுக்குப் போகலாம். டிஜிட்டல் தளங்கள் பெரும்பாலும் திரையரங்க வசூலைப் பார்த்த பிறகே சிறிய படங்களுக்கு விலை சொல்கின்றன என்பதால், அந்தச் சில திரைகள் நிறைவது முக்கியம்.

வெளியீட்டுத் தேதியை அறிவிப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பங்களா வாடகை, ஜீப் வாடகை, சமையல் ஆட்களின் கூலி, உள்ளூர் நடிகர்களின் சம்பளம், தேநீர்க் கடை பாக்கி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரிடமும் தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பட்டியல் முழுமையான பிறகு விநியோகஸ்தரோடு உட்கார்ந்து திரைகளை முடிவு செய்து, கே.டி.எம். வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலைக்குள் எல்லாத் திரைகளுக்கும் போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு சர்வரிலும் ஒரு நிமிடமாவது படம் ஓடிப் பார்க்கப்பட்டதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.